நாய் நம் கண்களையே ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறது? சோற்றுக்காகத்தானா?

சோற்றுக்காக மட்டும் இல்லை. எங்கள் மணி சாப்பிட்டுத் தட்டையும் நக்கி முடித்த பிறகுதான் வந்து, என் பாதத்தின் மேல் தாடையை வைத்து அண்ணாந்து பார்ப்பான். அப்போது என் கையில் ஒன்றும் இருக்காது.

2015இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாயையும் வளர்ப்பவரையும் அரை மணி நேரம் ஓர் அறையில் பழகவிட்டு, முன்னும் பின்னும் சிறுநீரைச் சோதித்தார்கள். நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்தவர்களில் இரு தரப்புக்குமே ஆக்சிடோசின் கூடியிருந்தது. தாய்க்கும் சேய்க்கும் பாசத்தை வளர்க்கும் அதே ஹார்மோன்! மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம்கூட இப்படி நடக்கவில்லை.

பழக்கமில்லாத நாயை மட்டும் உற்றுப் பார்க்காதீர்கள்; மிரட்டுவதாக நினைத்துவிடும்.