சிறு பங்குதாரர் கேள்வி பதில்: 1997 ஆசிய நெருக்கடியும் அதற்குப் பின்னும்

கேள்வி: 1997 நெருக்கடி நாணயச் சூதாடிகளின் வேலைதானே? பங்குதாரர் உரிமை இதில் எங்கே வந்தது?

பதில்: ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாட்டின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கே விட்டது உண்மை. ஆனால் கொரியாவில் ஹன்போ ஸ்டீல் அந்த ஜனவரியிலேயே கவிழ்ந்துவிட்டது. அங்கே அப்போது குழுமத்தில் ஒரு நிறுவனம் வாங்கும் கடனுக்கு இன்னொன்று ஜாமீன் நிற்கும். நல்ல லாபத்தில் ஓடும் நிறுவனம் என்று பங்கு வாங்கியவர், பெயர்கூடக் கேள்விப்படாத பங்காளி நிறுவனத்தின் கடனையும் சேர்த்தே சுமந்தார். குழுமம் முழுவதற்கும் ஒரே கணக்கு காட்ட வேண்டும் என்பது 1999 நிதியாண்டில்தான் வந்தது. ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் ஜாமீன் குறிப்பைப் படியுங்கள். தலைவர் உரையை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: இப்போது எந்த ஆசியப் பங்கு வாங்கலாம்?

பதில்: அது என் வேலை இல்லை.

கேள்வி: சிறு பங்குதாரர் வழக்குப் போட்டு ஜெயித்ததுண்டா?

பதில்: உண்டு. கொரியா ஃபர்ஸ்ட் வங்கி ஹன்போவுக்கு அள்ளிக் கொடுத்த கடன் மூழ்கியது. பேராசிரியர் சாங் ஹா-சுங் முன்னின்று நடத்திய குடிமக்கள் இயக்கம் சிறு பங்குதாரர்களைத் திரட்டி வழக்குப் போட்டது. முன்னாள் நிர்வாகிகள் நால்வர் 4,000 கோடி வோன் கட்ட வேண்டும் என்று 1998 ஜூலையில் சோல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாருக்கு? வங்கிக்கு. வழக்குப் போட்டவர்களுக்கு ஒரு வோன்கூட இல்லை. நிறுவனத்தின் சார்பில் தொடுக்கும் வழக்கு என்றால் அப்படித்தான். பின்னர் அரசுடைமையான அந்த வங்கியில் சிறு பங்குகள் ரத்தாகின. மேல்முறையீட்டில் தொகை 100 கோடி வோனாகச் சுருங்கியது.

இதில் முக்கியமானது தீர்ப்புத் தொகை அல்ல. இப்படி வழக்குப் போடும் உரிமை சட்டத்தில் முன்பே இருந்தது. ஆனால் அதற்குக் கையில் இருக்க வேண்டிய பங்கின் அளவு சாமானியருக்கு எட்டாதது. 1998-ல் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு அதை 0.01 சதவீதமாகக் குறைத்தார்கள். கதவு திறந்தது அப்போதுதான்.

கேள்வி: மலேசியா?

பதில்: 1997 நவம்பரில் யூஇஎம் என்ற கட்டுமான நிறுவனம், தன் தாய் நிறுவனமான ரெனோங்கின் 32.6 சதவீதப் பங்கை 234 கோடி ரிங்கிட்டுக்கு வாங்கியது. சிறு பங்குதாரரை யாரும் கேட்கவில்லை. சந்தை ஆடிப்போனது.

கேள்வி: இந்த உரிமையெல்லாம் கடைசியில் வெளிநாட்டு நிதிகளுக்குத்தானே லாபம்? கொரியாவின் எஸ்கே குழுமத்தின் கதை தெரியாதா?

பதில்: தெரியும். அந்தக் குழுமத்தின் வணிக நிறுவனமான எஸ்கே குளோபல் கணக்கில் சுமார் 1.5 லட்சம் கோடி வோன் மோசடி வெளிவந்து பங்கு சரிந்தபோது, 2003-ல் சாவரின் என்ற வெளிநாட்டு நிதி, குழுமத்தின் எண்ணெய் நிறுவனமான எஸ்கே கார்ப்பில் 14.99 சதவீதம் வாங்கியது. குழுமத் தலைவரை வெளியேற்றப் பார்த்து, வாக்கெடுப்பில் தோற்று, 2005-ல் பெரும் லாபத்தோடு விற்றுவிட்டுப் போனது.

கேள்வி (அவரே): அதைத்தான் சொல்கிறேன். கொள்ளை!

பதில்: மலிவாக வாங்கி விலையேறியதும் விற்பது கொள்ளையா? அந்த விலையேற்றம் கூட இருந்த உள்நாட்டுச் சிறு பங்குதாரருக்கும் கிடைத்தது. பொய்க் கணக்கு எழுதியது சாவரின் அல்ல. உங்கள் கோபம் அந்தப் பக்கம் ஏன் திரும்பவே மாட்டேன் என்கிறது?

கேள்வி (அவரே): அவர்கள் நாட்டின் எண்ணெய் நிறுவனத்தையே பிடிக்கப் பார்த்தார்கள்.

பதில்: அந்த பயம் நியாயம். அதற்கு மருந்து ஒழுங்கான கணக்குதான். வாக்குரிமையைப் பூட்டி வைப்பது அல்ல.

கேள்வி: சின்னப் பங்குதாரர்கள் வாக்கையெல்லாம் ஒரே வேட்பாளருக்குக் குவித்து இயக்குநர் ஒருவரை உள்ளே அனுப்ப முடியுமா?

பதில்: கொரியாவில் 1998 டிசம்பர் சட்டத்திருத்தம் வழி செய்தது. நிறுவன விதிகளில் விலக்கு எழுதிக்கொள்ளலாம் என்ற ஓட்டையோடு. பெரும்பாலானவை எழுதிக்கொண்டன.

கேள்வி: கொரியப் பங்கு வாங்கலாமா?

பதில்: மேலே பாருங்கள். அப்படியே ஜாமீன் குறிப்பையும்.