வழவழப்பான கம்பியைக் கான்கிரீட் எப்படிப் பிடிக்கிறது?

கேள்வி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வழவழவென்று இருக்கிறதே, கான்கிரீட்டுக்குள் வழுக்காதா?

பதில்: கம்பியின் மேல் வரிவரியாக இருக்கும் புடைப்புகள் சரியாக இருந்தால் வழுக்காது. பிடிப்பு மூன்று வழிகளில் வருகிறது: சிமெண்ட் பசை ஒட்டுவது, உராய்வு, அப்புறம் கம்பியின் புடைப்புகள் கான்கிரீட்டில் முட்டி நிற்பது. கம்பி நூலளவு நகர்ந்தாலே ஒட்டுதல் விட்டுப்போகும். அதன்பின் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் புடைப்புகள்தான். இழுப்புச் சோதனையில் உருவி வந்த கம்பியைக் கவனியுங்கள், புடைப்புகளுக்கு முன்னால் கான்கிரீட் மாவாக நொறுங்கி அப்பியிருக்கும். ஸ்டெயின்லெஸ் கம்பியின் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலத்தால் ஒட்டுதல் சற்றுக் குறையலாம். அதனால்தான் கம்பியின் கிரேடைக் கேட்கிற அளவுக்குப் புடைப்பின் உயரத்தையும் இடைவெளியையும் கேளுங்கள் என்று விடாமல் சொல்கிறேன்.

கேள்வி: லேசாகத் துருவேறிய சாதாரணக் கம்பி இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்களே?

பதில்: தொடக்கத்தில் உண்மைதான். உதிராத மெல்லிய துரு கம்பியைச் சொரசொரப்பாக்கும். ஆனால் கான்கிரீட்டுக்குள் துரு வளர்ந்தால், அது இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து, கவரை (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் கனத்தை) வெடிக்க வைக்கும், பிடிப்பும் போய்விடும். மெக்சிகோவின் ப்ரோக்ரெசோ துறைமுகத்தில் 1940களின் தொடக்கத்தில் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டுக் கட்டி முடித்த கடற்பாலம் பல பத்தாண்டுகள் உப்புக்காற்றில் தாக்குப்பிடித்தது.

கேள்வி: துருப்பிடிக்காது என்றால் கவரைக் குறைக்கலாம்தானே?

பதில்: இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கவர் துருவுக்காக மட்டும் இல்லை. கம்பியை இழுக்கும்போது புடைப்புகள் ஆப்புப்போலக் கான்கிரீட்டை வெளிப்புறமாகத் தள்ளும். சுற்றிலும் போதிய கனம் இல்லையென்றால் கம்பி நெடுகப் பிளந்துவிடும். ஐரோப்பியக் கான்கிரீட் விதிநூலான யூரோகோடு 2 பிடிப்புக்காகவே கம்பியின் விட்ட அளவுக்காவது கவர் கேட்கிறது, 25 மி.மீ. கம்பிக்கு 25 மி.மீ. துருவுக்கான பங்கைக் குறைத்தாலும் இந்தப் பங்கில் கைவைக்காதீர்கள். லேப் வரும் இடத்தில், அதாவது இரண்டு கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி இணைக்கும் இடத்தில், கம்பிகளைச் சுற்றும் வளையங்களை நெருக்கமாகக் கட்டுங்கள், அவை பிளவைத் தடுத்துப் பிடிக்கும்.

கேள்வி: லேப் நீளத்தைக் கூட்ட வேண்டுமா?

பதில்: புடைப்புகள் விதிப்படி இருந்தால் சாதாரணக் கம்பிக்கான கணக்கே போதும். அதிக வலிமையுள்ள கம்பி என்றால், அது தாங்கும் இழுவிசை கூடுகிற அளவுக்கு நீளமும் கூடும்.

கேள்வி: வெயிலில் அதிகம் விரியாதா?

பதில்: 304, 316 கிரேடுகள் கான்கிரீட்டைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். டூப்ளெக்ஸ் என்ற இன்னொரு ஸ்டெயின்லெஸ் வகை, விரிவதில் சாதாரணக் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும். வழக்கமான தட்பவெப்பத்தில் இதனால் பிடிப்புக்குச் சிக்கல் இல்லை.