ஞாயிறு காலை யார் வருகிறீர்கள்?

(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஆறு பேர் வேலை காரணமாக ஒரே பெருநகரத்துக்கு வந்து சேர்ந்து, ஆளுக்கொரு மூலையில் குடியிருக்கிறோம். புதன்கிழமைதோறும் வாட்ஸ்அப் குழுவில் 'இந்த வாரம் எங்கே போகலாம்?' என்று பேச்சு தொடங்குகிறது. வெள்ளி இரவுக்குள் கரைந்துவிடுகிறது. எட்டு மாதங்களில் இரண்டு முறைதான் சந்தித்திருக்கிறோம். எங்களுக்குள் மனத்தாங்கல் ஏதும் இல்லை. பிறகு ஏன் இப்படி?

பதில்: கடிதத்தோடு உங்கள் குழுவின் ஒரு வாரத்து உரையாடலையும் இணைத்திருந்தது நல்லதாயிற்று. ஒருவர் கேட்கிறார், மூன்று பேர் 'எனக்கு எதுவானாலும் சரி' என்கிறார்கள், ஒருவர் கட்டைவிரலை மட்டும் உயர்த்துகிறார். அடுத்த நாள் நான்கு இடங்களைப் போட்டு ஒரு வாக்கெடுப்பு நடக்கிறது, இடத்துக்கு ஒன்றரை வாக்குதான் விழுகிறது. அதன்மேல் 'சனியா, ஞாயிறா?' என்று இரண்டாவது வாக்கெடுப்பு. 'சனிக்கிழமை மாலைக்கு மேல்தான் சொல்ல முடியும்' என்று ஒருவர் எழுதியதோடு அந்த வாரம் முடிந்துவிடுகிறது.

'எதுவானாலும் சரி' என்பது பெருந்தன்மையாகத் தோன்றினாலும், முடிவெடுக்கும் உழைப்பை இன்னொருவர் தலையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளும் சொல் அது. அந்த உழைப்பை உங்கள் குழுவில் யார் சுமக்கிறார் என்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே ஒருவர்தான். அவரும் ஒரு நாள் சலித்துப்போய்க் கேட்காமல் விட்டால், குழு பிறந்தநாள் வாழ்த்துக்கு மட்டும் உயிரோடிருக்கும்.

ஆகவே கேட்பதை நிறுத்திவிடுங்கள். ஒரு கிழமை, ஒரு நேரம், ஓர் இடம், செய்வதற்கு ஒரு வேலை ஆகிய நான்கையும் ஒரே முறை உட்கார்ந்து முடிவு செய்து, மூன்று மாதத்துக்கு மாற்றாதீர்கள். இரண்டு பேர் வந்தாலே அன்றைய சந்திப்பு நடந்ததாகக் கொள்ளுங்கள். வராதவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு முறை வராதவருக்கு மூன்றாம் முறை வரவே கூச்சமாகிவிடும். நண்பர் கூட்டங்கள் பெரும்பாலும் கோபத்தால் உடைவதில்லை, இந்தக் கூச்சத்தால்தான் தேய்கின்றன. தொடங்கும் நேரத்தைப் போலவே முடியும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். 'நாள் முழுக்க' என்றால் தயங்குகிறவர் 'எட்டு முதல் பதினொன்று வரை' என்றால் கிளம்பிவிடுவார். இடத்தைப் பொறுத்தவரை, வரைபடத்தில் எல்லாருக்கும் நடுவாக இருப்பதைத் தேடாமல், பெரும்பாலோர் வண்டி மாறாமல் வந்து சேரக்கூடியதாகப் பாருங்கள்.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹியூவிட் என்பவர், சனிக்கிழமை காலையில் 5 கிலோமீட்டர் ஓடலாம் என்று நண்பர்களை அழைத்தார். முதல் நாள் ஓடியவர்கள் 13 பேர். இன்று 'பார்க்ரன்' என்ற பெயரில் பல நாடுகளில் அது வாராவாரம் நடக்கிறது. கட்டணம் கிடையாது, 'இந்த வாரம் உண்டா?' என்று யாரும் யாரையும் கேட்பதும் கிடையாது. விடிந்தால் சனிக்கிழமை என்பதுதான் அழைப்பு.

அடிக்கடி சந்திப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கும் சொல்கிறேன். கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் ஆராய்ந்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அறிமுகமானவர் ஓரளவு பழக்கமான நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பர் என்றே சொல்லிக்கொள்ள 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகிறது என்பது அவர் கண்டது. அலுவலகத்தில் சேர்ந்திருக்கும் நேரம் இதில் அவ்வளவாகச் சேர்வதில்லை. ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் என்றால் 30 வாரத்தில் 90 மணி நேரம் ஆகிவிடும். மாதம் ஒரு முறை என்றால் இரண்டரை ஆண்டு பிடிக்கும். நீங்கள் ஏற்கெனவே நண்பர்கள்தான் என்பீர்கள். எட்டு மாதத்தில் இரண்டு சந்திப்பு என்ற வேகத்தில் போனால் மறுபடியும் அறிமுகத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

கேள்வி: இந்நகரத்துக்குப் புதியவள். நண்பர்கள் என்று இன்னும் யாரும் இல்லை. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. என் போன்றோர் எந்தப் பொழுதுபோக்கில் சேரலாம்?

பதில்: எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டிய பொழுதுபோக்குகளை விட்டுவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே பொருளைப் பார்க்கிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பேச்சின் பாரத்தை அந்தப் பொருள் தாங்கிக்கொள்ளும். என் முதல் பரிந்துரை பறவை நோக்கல். அங்கே மௌனம் ஒழுங்காகவே கருதப்படுகிறது. இரண்டு மணி நேரத்தில் பத்துச் சொல் பேசினாலும் யாரும் உங்களை ஒருமாதிரி பார்க்க மாட்டார்கள்.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42 என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். 8 என்பது எத்தனை மடங்கு அருகில் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் கை நடுக்கத்தையும் அது 10 மடங்காக்கும், பார்வைப் பரப்பும் குறுகும். புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை ஒன்று உண்டு, நானும் முதல் மூன்று வாரம் அதையே செய்தேன். கிளையில் பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைப் பார்ப்போம். நிமிர்ந்து கண்ணில் வைக்கும்போது எங்கும் பச்சை இலையாகத் தெரியும், பறவை இருக்காது. பறவையின் மேல் வைத்த பார்வையை அகற்றாமல், தலையை அசைக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்த ஒரு முதியவர். அவரோடு பேச நான் ஒரு விஷயத்தையும் தேட வேண்டியிருக்கவில்லை.

படம் வரைவதில் ஆசை இருந்தால் நகர ஓவியர் குழுக்களைத் தேடிப் பாருங்கள். கேப்ரியல் காம்பனாரியோ என்ற பத்திரிகையாளர் 2007-இல் இணையத்தில் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' இப்போது பல நாட்டு நகரங்களில் கிளைகள் கொண்டது. புகைப்படத்தைப் பார்த்து வரையாமல், இடத்திலேயே அமர்ந்து, கண்முன் இருப்பதை வரைவதுதான் அவர்கள் கொள்கை. ஒரு தெருவுக்கு வந்து ஆளுக்கொரு திண்ணையாகப் பிரிந்துவிடுவார்கள். முடிவில் ஏடுகளை ஒன்றாகப் பரப்பிப் பார்ப்பார்கள். கூச்சமுள்ளவருக்கு இதைவிட வசதியான சபை கிடைக்காது: முக்கால்வாசி நேரம் தனிமை, கடைசியில் பேச ஒரு காரணம். கை நன்றாக ஓடுமா என்ற கவலை வேண்டாம். கோணல் சன்னல்களைப் பற்றித்தான் அங்கே அதிகம் பேசுவார்கள்.

கேள்வி: அடுக்ககத்தின் மொட்டை மாடியில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து வானம் பார்க்கலாம் என்று நினைத்தோம். விளக்கொளியில் விண்மீன்கள் எண்ணி ஏழெட்டுத்தான் தெரிகின்றன. விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். நகரத்து வெளிச்சம் மங்கலான விண்மீன்களையும் பால்வழியையும்தான் விழுங்குகிறது. நிலவையும் கோள்களையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. முழுநிலவு நாளைத் தவிர்த்துவிடுங்கள். கதிரொளி நேராக விழுவதால் அன்று நிழல் இராது, நிலவு வெள்ளைத் தட்டாகத்தான் தெரியும். வளர்பிறை அரைநிலவுதான் உங்களுக்கு ஏற்றது. மாலையில் இருட்டும்போதே உயரத்தில் நிற்கும், நள்ளிரவையொட்டித்தான் மறையும். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பைனாகுலரில் பாருங்கள்; அங்கே பள்ளங்களின் விளிம்புகள் நீண்ட நிழலோடு புடைத்துத் தெரியும். முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டால் படம் ஆடாது.

வியாழன் மாலை வானில் இருக்கும் மாதங்களில் அதன் பக்கத்தில் நான்கு வரை சிறு புள்ளிகள் ஒரே வரிசையில் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட அதே நிலவுகள்தாம் அவை. நால்வரும் அவை நிற்கும் வரிசையை ஒரு தாளில் குறித்துவைத்து, மறுநாளும் ஏறிப் பாருங்கள். அவற்றுள் உள்ளே இருக்கும் அயோ ஏறத்தாழ 42 மணி நேரத்தில் கோளை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால், ஒரே இரவில் இடம் மாறியிருக்கும். சனி, ஞாயிறு என்று இரண்டு மாலைகள் அடுத்தடுத்துக் கிடைக்கிறவர்களுக்கென்றே அமைந்த காட்சி என்று எனக்குத் தோன்றும். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் வெப்பத்தை விடும்போது படம் நெளியும். அதற்காக மாடி குளிரும்வரை பொறுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: வார இறுதியில் ஐந்து பேர் கூடிப் போர்டு கேம் ஆடுகிறோம். ஒருவரே எப்போதும் வெல்கிறார். மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். வேறு என்ன ஆடலாம்?

பதில்: எல்லாரும் சேர்ந்து வெல்லும் அல்லது சேர்ந்து தோற்கும் விளையாட்டுகளுக்கு மாறுங்கள். 2008-இல் வந்த 'பாண்டமிக்' அவ்வகையில் பெயர் பெற்றது. ஆனால் அடிப்படைப் பெட்டியில் நால்வர் வரைதான் ஆட முடியும். தவிர, உங்கள் வெற்றி வீரர் அங்கே எல்லாருடைய காய்களையும் தாமே நகர்த்தச் சொல்லத் தொடங்கிவிடுவார். அன்டுவான் பௌசா உருவாக்கிய 'ஹனாபி' உங்களுக்குப் பொருந்தும். ஐவர் வரை ஆடலாம். அதில் அவரவர் சீட்டை மற்றவர்கள் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். என் கையில் என்ன இருக்கிறது என்பது என்னைத் தவிர அனைவருக்கும் தெரியும். எண்ணிக் கொடுக்கப்பட்ட குறிப்புகளைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் ஆடவைக்க வேண்டும். தன் சீட்டே தெரியாதவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் அடுத்தவர் சொல்லைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: எங்கள் குழுவில் சம்பளம் ஏற்றத்தாழ்வாக இருக்கிறது. செலவு மிகுந்த பயணம் என்றால் ஒரு நண்பர் 'அடுத்த முறை வருகிறேன்' என்கிறார். நாங்கள் அவருக்காகச் செலவழிக்கத் தயார், அவர் ஒப்புவதில்லை.

பதில்: ஒப்பாமல் இருப்பதே சரி. ஒருவர் செலவில் இன்னொருவர் இரண்டு முறை வந்தால், மூன்றாம் முறை எங்கே போவது என்பதில் அவர் வாய் திறக்க மாட்டார். செலவில்லாததை வழக்கமாகவும் செலவுள்ளதை ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் விதிவிலக்காகவும் வைத்துக்கொள்ளுங்கள். செலவுள்ள பயணத்தை அறிவிக்கும்போது தலைக்கு எவ்வளவு என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். வந்த பிறகு தெரியும் தொகைதான் மனத்தைக் குத்தும்.

கேள்வி: எங்களுடன் ஞாயிறுதோறும் நடக்க வரும் தோழிக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதமாகிறது. அழைத்தால் தொந்தரவாகுமோ என்று அழைப்பதை நிறுத்திவிட்டோம்.

பதில்: அவரிடமே கேட்காமல் நிறுத்தியது தவறு. உங்கள் நடைவழியை மாதம் ஒரு முறையாவது அவர் வீட்டுத் தெரு வழியாக அமைத்து, எத்தனை மணிக்கு அங்கே வருவீர்கள் என்று முதல் நாள் சொல்லிவிடுங்கள். அவர் குழந்தையோடு வாசலில் நின்றால் சேர்ந்து இருபது நிமிடம் நடக்கலாம். வாசல் சாத்தியிருந்தால் அழைப்பு மணியை அழுத்தாதீர்கள், குழந்தை உறங்கிக்கொண்டிருக்கக்கூடும்.