ரத்தம் வருகிறதென்று துலக்காமல் விடலாமா?

கேள்வி: துலக்கினால் ஈறில் ரத்தம் கசிவதால், ஒரு மாதமாகப் பிரஷைத் தொடாமல் மவுத்வாஷ் மட்டும் கொப்பளிக்கிறேன். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை ஐந்து நாள் சாப்பிட்டதில் ரத்தம் நின்றது. இப்போது மறுபடி வருகிறது. மேலே ஒட்டியிருக்கும் கிருமி இவ்வளவு மருந்துக்குமா போகாது? – ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: மேலேதான் ஒட்டியிருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? ஈறு நோயில் முதலில் பெயர் அடிபடும் கிருமி போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ். ஆக்சிஜன் ஆகாத இக்கிருமி பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் குடியிருக்கிறது. நலமான ஈறில் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கும் அந்த இடுக்கு, நோய் முற்றினால் ஆறு, ஏழு என்று ஆழமாகும். நீங்கள் கொப்பளிக்கும் மருந்து பெரும்பாலும் அந்த இடுக்கின் வாசலோடு திரும்பிவிடுகிறது.

இக்கிருமியின் உடலைச் சுற்றி ஃபிம்பிரியா எனப்படும் மெல்லிய புரத இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. குட்டை இழைகள், பல்லில் முன்பே இடம் பிடித்துவிட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற வேறு வகைக் கிருமிகளைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. ஃபிம்-ஏ என்ற புரதத்தாலான நீண்ட இழைகளோ, ஈறு செல்லின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரினைப் பற்றுகின்றன. செல் தன்னைச் சுற்றியுள்ள ஃபைப்ரோநெக்டின் போன்ற புரதங்களோடு தன்னைப் பிணைத்துக்கொள்வதற்காக வைத்திருக்கும் பிடிதான் இன்டெக்ரின். அந்தப் பிடியில் கிருமி தொற்றிக்கொண்டதும் செல்லுக்குள் சமிக்ஞை போகிறது, அதன் சட்டமான ஆக்டின் இழைகள் கலைந்து வேறு விதமாக அமைகின்றன, சவ்வு குழிந்து கிருமியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த ஈறு செல்களில் இதற்குச் சுமார் 20 நிமிடம் போதும். நூல்கள் இதைப் படையெடுப்பு என்கின்றன. எனக்கென்னவோ வீட்டுக்காரரே தாழ்ப்பாளை நீக்கிவிடுவதாகத்தான் படுகிறது.

இக்கிருமி சுரக்கும் ஜிஞ்ஜிபெயின் என்ற நொதிகளும் இதற்குத் துணை. இவை நம் புரதங்களை அர்ஜினின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் இருக்கும் இடங்களாகப் பார்த்து வெட்டி, மறைந்திருந்த ஒட்டிடங்களை வெளிக்காட்டுகின்றன. கிருமியின் சொந்த ஃபிம்-ஏ இழை உருவாகக்கூட இந்த வெட்டு வேண்டும்.

உள்ளே நுழைந்த கிருமி செல்லைக் கொல்வதில்லை என்பதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். செல் தானாக மடிவதைத் தடுத்து, வெள்ளணுக்களை அழைக்கும் இன்டர்லூக்கின்-8 சுரப்பையும் அமுக்கிவிட்டு, வெளியே தலைகாட்டாமல் பக்கத்துச் செல்லுக்கும் பரவுகிறது. உள்ளே இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கிருமியும் செல்களும் சேர்ந்திருந்த தட்டில், செல்லுக்குள் இருப்பதை விட்டுவிடும் விதமாக ஆன்டிபயாட்டிக்கை ஊற்றி வெளியிலிருப்பதையெல்லாம் கொல்கிறார்கள். பிறகு மருந்தைக் கழுவி, செல்லை உடைத்து, அந்தச் சாற்றை ரத்தம் கலந்த அகார் என்ற கிருமி வளர்க்கும் கூழில் தடவிக் காற்றுப் புகாமல் வைத்தால், சில நாட்களில் முளைக்கும் கூட்டங்கள் மெல்லக் கறுக்கின்றன.

அந்தக் கறுப்பு, ரத்தத்திலிருந்து எடுத்துத் தன்மேல் பூசிக்கொண்ட ஹீம் என்ற இரும்புள்ள பொருள். ஹீம் இல்லாமல் இக்கிருமி வளராது. ஆகவே ரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்திய நீங்கள், பல்லோரத்தில் அழுக்குப் படலம் தடிக்க விட்டு, அதனால் ஈறு மேலும் வீங்கிக் கசிய, கிருமிக்குத் தினமும் சாப்பாடு போட்டிருக்கிறீர்கள். ஐந்து நாள் மாத்திரை மிதந்து திரிந்தவற்றைக் குறைத்திருக்கலாம். படலத்துக்குள்ளும், பல்லில் இறுகிப் படிந்த காரைக்கு அடியிலும் இருந்தவற்றை அது அசைத்திராது, செல்லுக்குள் போனவற்றையும் முழுதாகத் தொட்டிருக்காது.

இன்றிரவே மென்மையான பிரஷால் துலக்கத் தொடங்குங்கள். நாலு நாள் ரத்தம் வந்தாலும் நிறுத்தாதீர்கள். இந்த வாரமே பல் மருத்துவரிடம் போய், இடுக்கின் ஆழத்தை அளந்து, ஈறுக்கு அடியிலிருக்கும் காரையைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும், மருந்துக் கடைக்காரர் அல்ல.