கால் வீங்காதவருக்கு யானைக்கால் மாத்திரை எதற்கு?

"காய்ச்சலில்லை, வீக்கமில்லை, ஊரில் எல்லாருக்கும் ஏன் மாத்திரை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். யானைக்கால் புழு உடம்பில் இருக்கிற பலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. நூல் போன்ற தாய்ப்புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் (திசுக்களில் சேரும் நீரை வடித்து ரத்தத்துக்குத் திருப்பும் மெல்லிய குழாய்கள்) 6 முதல் 8 ஆண்டுகள் உயிரோடிருந்து லட்சக்கணக்கில் குஞ்சு போடும். பெரும்பாலான இடங்களில் அந்தக் குஞ்சுகள், கொசு கடிக்கிற ராத்திரி நேரத்தில்தான் ரத்தத்துக்கு வரும். அதனால்தான் தூங்குகிறவரை எழுப்பி விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுப்பார்கள் (இப்போது ரத்தத் துளியைச் சோதனைப் பட்டையில் விட்டுப் பகலிலேயே பார்க்கும் முறையும் உண்டு). நன்றாக நடமாடுகிறவரிடமிருந்தும் கொசு அந்தக் குஞ்சுகளை அடுத்தவருக்குக் கொண்டுபோகும். அப்புறம், வீக்கமே இல்லாவிட்டாலும் உள்ளே நிணநீர்க் குழாய்கள் கெட்டுக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் எல்லாருக்கும் மாத்திரை; கொடுப்பவர் முன்னாலேயே அதைத் தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். கர்ப்பிணிகள், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடுமையாக நோயுற்றவர்களுக்கு மட்டும் வேண்டாம். பிறகு லேசாகக் காய்ச்சலோ தலைவலியோ வந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் அது புழு சாவதால் வருவது.