13 எழுத்துகளைத் தேடி

‘டிசைன் வேலையில் இருப்பவர்கள் அன்றாடம் புதிய யோசனைகளை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? சமீபத்தில் உங்கள் கண்ணில் பட்டு மனதில் நின்றது எது?’ என்று கேட்டிருந்தீர்கள்.

மதுரையில் கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடைப் பை, கடைப் பெயர்ப்பலகை எல்லாம் வடிவமைப்பது என் வேலை. இணையத்திலும் நிறையப் பார்க்கிறேன். ஆனால் என் கைக்குள் வந்து தங்கியதெல்லாம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நின்று பார்த்தவைதான்.

சமீபத்தில் நின்றது ஒரு தகரப் பலகைக்காக. விளக்குத்தூணுக்குப் பக்கத்தில் ஒரு சந்து. நீலப் பின்னணியில் மஞ்சள் எனாமல் பெயிண்டில் ‘சுண்ணாம்பு விற்பனை நிலையம்’. ஒவ்வொரு எழுத்துக்கும் வலப்பக்கம் சிவப்பில் நிழல். மேல் ஓரத்தில் சின்னதாக ‘முருகன் துணை’. நூல் அடித்துப் போட்ட கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. அந்தப் பலகையில் ‘விற்பனை’யின் னையும் ‘நிலைய’த்தின் லையும் பழைய வடிவத்தில் இருந்தன. முன்னால் தனியாக நிற்கும் சங்கிலிக் கொம்பு கிடையாது. எழுத்தோடு ஒட்டி, யானை தும்பிக்கையைத் தூக்கியது போல ஒரு வளைவு. கிட்டப் போய்ப் பார்த்தேன். மெலிதாகத் தொடங்கி, நடுவில் அழுத்தி, தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் இழுத்திருக்கிறார். முடிகிற இடத்தில் தூரிகை மயிர் பிரிந்த தடம்கூட இருக்கிறது.

ஆனால் ‘சுண்ணாம்பு’வின் ணா மட்டும் இப்போது நாம் எழுதுவது போல, தனிக் கால் போட்ட ணா. என்னை அரை மணி நேரம் அங்கேயே நிறுத்திவைத்தது இதுதான்.

பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது. அதில் மாறியவை 13 எழுத்துகள்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ. அச்சுக்கோக்கிறவர்களுக்குத் தனித்தனி அச்சு வேண்டாம், குழந்தைகளுக்கும் படிக்க எளிது. நல்ல காரியம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கை அரசாணைப்படி ஒரே நாளில் மாறாதே! இந்தப் பலகையை எழுதியவர் ணாவை மாற்றிக்கொண்டிருக்கிறார், தும்பிக்கையை விட மனசு வரவில்லை. இது என் ஊகம்தான். இருந்தாலும் பழைய லையைத் தூரிகையால் ஒரு தடவை எழுதிப் பாருங்கள், அவரைப் புரியும்.

அன்றிலிருந்து அந்த 13-ஐயும் பழைய வடிவத்தில் தெருவில் தேடிக்கொண்டிருக்கிறேன். னா சுலபமாகக் கிடைத்தது, மதுரையில் மீனாட்சிக்கா பஞ்சம்! ‘மூன்றாம் தெரு’வில் றா. ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்று ஒரு டீக்கடைச் சுவரில் ளை. ஒரு பள்ளிக்கூடச் சுவரில் ‘பெற்றோர் ஆசிரியர் கழகம்’, அங்கே றோ. எல்லாவற்றையும் படம் எடுத்து, வீட்டில் பட்டர் பேப்பர் வைத்து நகல் எடுக்கிறேன். இப்போதைய எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் இந்த வடிவங்கள் கிடையாது, கையால் வரைந்துதான் சேர்க்க வேண்டும். போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘முருகன் துணை’யைப் பழைய ணையோடு வரைந்து கொடுத்தேன். மாப்பிள்ளை, ‘எழுத்து தப்பா இருக்கே அண்ணே’ என்றார். அவருடைய அப்பத்தா வாங்கிப் பார்த்துவிட்டு, ‘நான் படிச்ச எழுத்துப்பா இது’ என்று விரலால் அந்த வளைவைத் தடவினார். அப்படியே அச்சுக்குப் போனது.

வேறு என்ன பார்க்கிறேன் என்றால், தீப்பெட்டி. ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு கறுப்பு, உள்ளங்கையில் பாதி இடம். அதற்குள் ஒரு சேவலோ தாமரையோ பத்தடி தள்ளியிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும். லோகோ கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. அப்புறம், கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் சாமிப் படக் காலண்டர்கள். அவர் நாடகத்துக்குத் திரைச்சீலை வரைந்தவர். அது தெரிந்த பிறகு அந்தப் படங்களைப் பாருங்கள்: பின்னால் மலையும் ஆறும், முன்னால் மேடை விளக்கு பட்டது போல முகம். சலூனில் காத்திருக்கும் நேரம் எனக்கு இப்படித்தான் போகிறது.

13-இல் இதுவரை ஒன்பது கிடைத்துவிட்டன. பாக்கி ணொ, றொ, னொ, ணோ. கடைப்பெயரில் இவை வருவதே அரிது. உங்கள் ஊரில் ‘கண்ணொளி’ என்றோ ‘இன்னொரு’ என்றோ பழைய பலகை எங்காவது இருந்தால், ஃபிளெக்ஸ் மாட்டுவதற்குள் ஒரு படம் எடுத்துக் கருத்தில் போடுங்கள். காலை வெயிலில், நேராக நின்று எடுங்கள். தூரிகைத் தடம் தெரிய வேண்டும்.