வெடித்துப்போன உங்கள் தெருச் சாலையில் பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் புதுத் தார் போட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள்.

போதாது. பஸ் போகும் சக்கரத் தடத்திலேயே, தார் போட்ட இரண்டு மழைக்காலத்துக்குள் முதலைத்தோல் மாதிரி வெடிக்கிறது என்கிறீர்கள். அது பெரும்பாலும் மேல்தளத்தின் கோளாறு இல்லை, அடித்தளம் அமுங்குகிறது.

சென்னை வேளச்சேரி போன்ற களிமண் பகுதியில் முதல் சந்தேகம் தண்ணீர்மேல்தான். மழைநீர் வடிகாலின் வாய் அடைத்திருக்கலாம், குடிநீர்க் குழாய் உள்ளே கசியலாம். மழை இல்லாத நாளிலும் வெடிப்பில் ஈரம் தெரிந்தால் குழாயைப் பாருங்கள்.

மதிப்பீடு போடும் முன் இரண்டு சோதனைக் குழிகள் கேளுங்கள்: வெடித்த இடத்தில் ஒன்று, நல்ல இடத்தில் ஒன்று. தார், ஜல்லி, மண் என ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் அளந்து ஒப்பிடுங்கள். ஜல்லிக்குள் சேறு ஏறியிருந்தால் அந்தப் பகுதியை அடிவரை எடுத்தே ஆக வேண்டும். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று காட்டும் சிபிஆர் சோதனை, அதுவும் மண்ணை 4 நாள் தண்ணீரில் ஊறவைத்துச் செய்தது வேண்டும். கோடையில் காய்ந்த களிமண் கெட்டியாக இருந்து ஏமாற்றிவிடும்.

அப்புறம், ஒவ்வொரு வீட்டு வாசற்படி மட்டத்தையும் வடிகால் மட்டத்தையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். புதுச் சாலை படியைவிட உயர்ந்தால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும்.

ஒரு எச்சரிக்கை: நல்ல இடத்துக் குழியில் அடுக்குகள் உறுதியாக இருந்தால் தெரு முழுவதையும் தோண்டத் தேவையில்லை. குழி போடும் முன் மின்கேபிள், குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் எங்கே போகின்றன என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய குழாய்களை மாற்றுவதாக இருந்தால் அதை முதலில் முடிக்கட்டும்.